இன்ஜினை அணைக்காதீங்க, ஆனா விமானத்துல ஏறுங்க

பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பரீட்சைக்கு அப்புறம் நான் தமிழில் முழுசா ஒரு கட்டுரை எழுதுவது இதுதான் முதல் தடவை. ஒற்றுப்பிழை இருந்தா எடிட்டர் குழுவைத் திட்டுங்க, நான் முன்னாடியே சொல்லிட்டேன்.

விஷயம் இப்படி ஆரம்பிச்சது. ஹாஸ்டல்ல என் ரூம்மேட் லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் போட்டிருந்தான். அதுல டிபிஎம் 930-ன்னு ஒரு விமானம் உண்டு. மூக்கு நீளமா, ஒரே ஒரு புரொப்பல்லரோட, பார்க்க அமைதியாத்தான் இருக்கும். ரன்வேக்குப் பக்கத்துல வந்தப்போ இறங்குறது சரியா அமையலை. மறுபடி மேலே போயிடலாம்னு பவர் லீவரை ஒரே தள்ளா முன்னாடி தள்ளினேன். விமானம் இடது பக்கம் உருண்டு, முதுகு தரைக்கு வந்து, கதை முடிஞ்சது. ரூம்மேட் சிரிச்சுட்டு 'ரீஸ்டார்ட்' அமுக்கினான்.

விளையாட்டுல நடந்ததை அப்படியே நம்பணும்னு இல்லை. ஆனா இது நிஜமாவே நடக்குமான்னு தேடினப்போ, நடக்கும்னு தெரிஞ்சது. வேகம் குறைவா இருக்கும்போது 850 குதிரைத்திறனை ஒரே நேரத்தில் புரொப்பல்லருக்குக் கொடுத்தா, அதோட எதிர்விசை விமானத்தையே இடது பக்கம் திருப்பும். நியூட்டனோட மூணாவது விதி, வேற ஒண்ணும் இல்லை. அதுக்கு வலது காலால ரடரை மிதிக்கணும், லீவரையும் நிதானமாத் தள்ளணும். அன்னைக்கு ராத்திரியிலிருந்து எனக்கு ஒரே கேள்வி: இதையெல்லாம் ஒரு பைலட்டுக்கு எங்க வெச்சுச் சொல்லிக்கொடுப்பாங்க? சிமுலேட்டர்லயா, நிஜ விமானத்துலயா?

முதல்ல டர்போப்ராப் என்னன்னு ரெண்டு வரி. சென்னையிலிருந்து சேலம், தூத்துக்குடி போறப்ப ஜன்னலுக்கு வெளிய ரெண்டு பெரிய புரொப்பல்லர் சுத்துமே, ஏடிஆர், அதுதான். உள்ளே இருப்பது ஜெட் இன்ஜின் மாதிரியான கேஸ் டர்பைன். அது வெளிய காத்தைத் தள்றதுக்குப் பதிலா கியர்பாக்ஸ் வழியா புரொப்பல்லரைச் சுத்துது. ஏடிஆரை ரெண்டு பைலட்டுகள் ஓட்டுவாங்க, பின்னாடி ஒரு கம்பெனி, அதுக்கு ஒரு பயிற்சித் துறை, எல்லாம் உண்டு. நான் சொல்ல வர்றது அதைவிடச் சின்ன வகை. பிரான்ஸ்ல டாஹெர் செய்யற டிபிஎம், சுவிட்சர்லாந்தின் பிலாட்டஸ் பிசி-12, அமெரிக்காவின் கிங் ஏர். இதையெல்லாம் அமெரிக்காவுல ஒரு டாக்டரோ வியாபாரியோ சொந்தமா வாங்கி, தனியா உட்கார்ந்து ஓட்டலாம். டிபிஎம் 960 ஒரு இன்ஜினை வெச்சுக்கிட்டு 31,000 அடி வரைக்கும் ஏறும், மணிக்கு 600 கிலோமீட்டருக்கு மேல போகும். பக்கத்து சீட்டுல இன்னொரு பைலட் இருக்கணும்னு கட்டாயம் இல்லை.

இங்கதான் எனக்கு முதல் கோபம். அமெரிக்கச் சட்டப்படி ஒரு குறிப்பிட்ட மாடலுக்குன்னு தனியா 'டைப் ரேட்டிங்' தேர்வு எழுதணும்னா, அந்த விமானம் ஜெட்டா இருக்கணும், இல்லைன்னா அதோட அதிகபட்ச எடை 12,500 பவுண்டைத் தாண்டணும். அதாவது சுமார் 5,670 கிலோ. கிங் ஏர் 350-ன் எடை 15,000 பவுண்ட், அதனால தேர்வு வேணும். அதே குடும்பத்துல கிங் ஏர் 200 சரியா 12,500-ல நிக்குது, அதனால வேண்டாம். டிபிஎம், பிசி-12 எதுக்கும் வேண்டாம். 200 குதிரைத்திறனுக்கு மேல இருக்கிற இன்ஜினுக்கு ஒரு பயிற்றுநர் லாக்புக்குல ஒரு தடவை கையெழுத்துப் போடணும். 25,000 அடிக்கு மேல பறக்கக்கூடிய பிரஷரைஸ்டு விமானத்துக்கு இன்னொரு கையெழுத்து. ரெண்டுமே ஆயுசுக்கு ஒரு தடவை. 230 குதிரைத்திறன் பிஸ்டன் விமானத்துல வாங்கின கையெழுத்தே 1,200 குதிரைத்திறன் பிசி-12-க்கும் செல்லும்! எடையை வெச்சு ஆபத்தை அளக்கறது, லாரிக்கு லைசென்ஸ் கேட்டுட்டு ரேஸ் பைக்கைச் சும்மா விடற மாதிரி இருக்கு.

அப்போ இவங்களை வருஷா வருஷம் பயிற்சிக்கு அனுப்பறது யாரு? பெரும்பாலும் இன்ஷூரன்ஸ் கம்பெனி. பயிற்சி எடுக்கலைன்னா பாலிசி கிடையாது. அதுக்கு ரெண்டு வழி. சிமுலேட்டர் சென்டருக்குப் போய் சில நாள் இருக்கலாம். இல்லைன்னா ஒரு பயிற்றுநரை உங்க ஹேங்கருக்கே வரவழைச்சு, உங்க சொந்த விமானத்துலயே பயிற்சி எடுக்கலாம். இந்த ரெண்டாவது வழியை வெச்சுத்தான் சண்டை. ஒரு கட்சி, 'நிஜ விமானத்துல ஓட்டினாத்தான் அது பயிற்சி, மத்ததெல்லாம் வீடியோ கேம்' என்கிறது. இன்னொரு கட்சி, 'சிமுலேட்டர் இருக்கறப்ப நிஜ விமானத்துல எமர்ஜென்சி பழகறது தற்கொலை' என்கிறது.

எனக்கு ரெண்டு பேர் மேலயும் சந்தேகம். காரணம் நம்ம மெஷின்ஸ் லேப்.

நான் இ.இ.இ. ப்ளஸ் ஒன் படிக்கும்போது கோவிட். பிசிக்ஸ் பிராக்டிகல் முழுக்க வீடியோவில் பார்த்தோம். வெர்னியர் காலிப்பரைக் கையால தொடாமலே ரீடிங் எழுதினவன் நான். ரெக்கார்டுல முழு மார்க். காலேஜ் வந்து முதல் தடவை டிசி மோட்டரோட ஸ்டார்ட்டர் கைப்பிடியைப் பிடிச்சப்போதான், எவ்வளவு மெதுவா நகர்த்தணும்னு என் கைக்குத் தெரியவே தெரியாதுன்னு புரிஞ்சது. அம்மீட்டர் முள் துள்ளினதுல நான் கைப்பிடியையே விட்டுட்டேன். அதை எந்த சிமுலிங்க் மாடலும் எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்காது.

ஆனா அதே லேப்பில் இன்னொரு விஷயமும் உண்டு. டிசி ஷன்ட் மோட்டர்ல ஓடும்போது ஃபீல்டு வயர் கழண்டா, லோடு இல்லாத மோட்டர் கட்டுப்பாடே இல்லாம வேகமெடுக்கும். எல்லாருக்கும் தெரியும், வைவாவுல கட்டாயம் கேப்பாங்க. இதைக் காட்டறதுக்காக எந்த சாராவது நிஜ மோட்டர்ல ஃபீல்டைக் கழட்டியிருக்காரா? மாட்டார். போர்டுல கிராஃப் போடுவார், வேணும்னா சிமுலேஷன்ல காட்டுவார். ஸ்டார்ட்டருக்கு நிஜ மோட்டர், ரன்அவேக்கு போர்டு. இந்தப் பாகுபாடு நம்ம லேப்புல இயல்பா இருக்கு. விமானப் பயிற்சியில மட்டும் அது ஏன் இவ்வளவு சிக்கலாகுது?

ஆஸ்திரேலியாவுல நடந்த ரெண்டு விபத்தைப் பாருங்க. 2010 மார்ச் 22, டார்வின். எம்ப்ரேயர் 120 பிரேசிலியா, ரெண்டு இன்ஜின் டர்போப்ராப். பயணிகள் இல்லை, ரெண்டு பைலட் மட்டும். ஒருத்தரைச் சோதிப்பதற்கான பறப்பு. விமானம் தரையை விட்டுக் கிளம்பின உடனே இடது இன்ஜின் போயிடுச்சுன்னு பாவனை பண்ணாங்க. சில நொடிகளில் கட்டுப்பாடு இழந்து விழுந்துச்சு, ரெண்டு பேரும் இறந்துட்டாங்க. 2017 மே 30, ரென்மார்க். செஸ்னா 441 கான்குவெஸ்ட். இதுவும் சோதனைப் பறப்பு, இதுலயும் டேக்-ஆஃப் ஆன கொஞ்ச நேரத்துல ஒரு இன்ஜின் போன மாதிரி பாவனை. உள்ளே இருந்தது மூணு பேர்: சோதிக்கப்பட்டவர், சோதிச்சவர், அதைப் பார்வையிட வந்த அரசு இன்ஸ்பெக்டர். மூணு பேரும் அனுபவசாலிகள். மூணு பேரும் இறந்தாங்க. ரெண்டு கேஸ்லயும் இன்ஜின்ல எந்தக் கோளாறும் இல்லை. கோளாறு வந்தா என்ன பண்ணணும்னு பழகும்போதுதான் உயிர் போச்சு.

ஏன் இப்படி ஆகுதுன்னு நம்ம மாதிரி ஆளுங்க புரிஞ்சுக்கணும், இதுல அழகான இன்ஜினியரிங் இருக்கு. டர்போப்ராப்ல நிஜமா ஒரு இன்ஜின் செத்தா, அதோட புரொப்பல்லர் தகடுகளைக் காத்துக்கு நேரா, கத்தி மாதிரி திருப்பிடுவாங்க. இதுக்குப் பேரு ஃபெதர் பண்றது. பல விமானங்கள்ல அது தானாவே நடக்கும். அப்போ அந்தப் பக்கம் காத்துத் தடை ரொம்பக் கம்மி. ஆனா பயிற்சியில இன்ஜினை அணைக்க மாட்டாங்க, பவர் லீவரைப் பின்னாடி இழுப்பாங்க, அவ்வளவுதான். அதைக் கடைசி வரைக்கும், அதாவது ஃப்ளைட் ஐடில் வரைக்கும் இழுத்துட்டா, புரொப்பல்லர் ஃபெதர் ஆகாம காத்துல சுத்தும். சுத்தற புரொப்பல்லர் ஒரு பெரிய தட்டை அந்தப் பக்க இறக்கைல மாட்டி வெச்ச மாதிரி. செத்த இன்ஜினைவிட, உயிரோட ஐடில்ல இருக்கிற இன்ஜின் அதிகமா இழுக்கும்! அதனாலதான் 'ஜீரோ த்ரஸ்ட்'னு ஒரு டார்க் அளவு இருக்கு: தள்ளவும் இல்லாம, இழுக்கவும் இல்லாம இருக்கிற இடம். லீவரை அங்க நிறுத்தணும். டார்வின்ல லீவர் அதுக்கும் கீழ, ஃப்ளைட் ஐடிலுக்கே போயிருந்ததுன்னு விசாரணையில தெரியவந்தது.

இன்னொண்ணு. ஒரு பக்க இழுவையைச் சமாளிக்கிறது ரடர். ரடரோட விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் 10 சதவீதம் குறைஞ்சா விசை 19 சதவீதம் போயிடும். அதோட, ரெண்டு இன்ஜின்ல ஒண்ணு போனா சக்தி பாதியாகும், ஆனா மேலே ஏறும் திறன் பாதி ஆகாது, 80 சதவீதமோ அதுக்கு மேலயோ போயிடும். ஏன்னா ஏறுறதுக்குப் பயன்படறது மிச்சமிருக்கிற சக்தி மட்டும்தான். பறந்துக்கிட்டே இருக்கத் தேவையானது அப்படியே இருக்கும். தரையிலிருந்து சில நூறு அடியில இந்தக் கணக்கு எல்லாம் ஒண்ணா வந்து நிக்கும்போது, தப்பைத் திருத்த உயரமும் இல்லை, நேரமும் இல்லை. பயிற்றுநர் 'நான் எடுத்துக்கறேன்'னு சொல்றதுக்குள்ள முடிஞ்சுடும்.

அதனால என் கருத்து வெளிப்படையானது: தரைக்குப் பக்கத்துல இன்ஜின் போற பாவனையை நிஜ விமானத்துல பழகவே கூடாது. அந்த மாடலுக்கு சிமுலேட்டர் இருந்தா அங்க போங்க. இல்லைன்னா பல ஆயிரம் அடி உயரத்துல, அதையே 'தரை'ன்னு வெச்சுக்கிட்டு, ஜீரோ த்ரஸ்ட் டார்க்கை முன்னாடியே எழுதி வெச்சு, எந்த வேகத்துக்குக் கீழ வந்தா விட்டுடணும்னு பேசி வெச்சுப் பழகுங்க. 'ஆனா உண்மையான பயம் அங்க வராதே'ன்னு சொல்றவங்களுக்கு: ஃபீல்டு வயரைக் கழட்டிப் பாருங்க, பயம் நல்லா வரும்.

இதுவரைக்கும் படிச்சா நான் சிமுலேட்டர் கட்சின்னு தோணும். இல்லை.

2014 செப்டம்பர் 5. ஒரு டிபிஎம் 900, நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர்ல இருந்து ஃப்ளோரிடாவுக்குக் கிளம்பியது. உள்ளே பைலட்டும் மனைவியும். அவர் புதுசு இல்லை, அந்த விமானத்தை நல்லாத் தெரிஞ்சவர். 28,000 அடியில இருக்கும்போது ஏதோ சரியில்லை, கீழே இறங்கணும்னு கன்ட்ரோலர்கிட்ட நிதானமான குரல்ல கேட்டார். முதல்ல 25,000 அடிக்கு அனுமதி கிடைச்சது. கொஞ்ச நேரத்துல பேச்சு குழறி, நின்னுபோச்சு. விமானம் ஆட்டோபைலட்டில் ஃப்ளோரிடாவையும் கியூபாவையும் தாண்டிப் போய் ஜமைக்கா பக்கம் கடல்ல விழுந்தது. கேபின் அழுத்தம் போய், மூளைக்கு ஆக்சிஜன் பத்தாமல் மயங்கியிருக்காங்க. 28,000 அடியில தெளிவா யோசிக்க ரெண்டரை, மூணு நிமிஷம்தான். பிரஷர் சிஸ்டத்தின் வடிவமைப்பையும், மாஸ்க் போடறதுக்கு முன்னாடி கோளாறைத் தேடச் சொன்ன செக்லிஸ்டையும் விசாரணை அறிக்கை குறை சொன்னது.

இங்க பைலட்டுக்குத் தேவைப்பட்டது அறிவு இல்லை, கைப்பழக்கம். சந்தேகம் வந்த உடனே, யோசிக்காம, கை மாஸ்க்குக்குப் போகணும். அந்த மாஸ்க் உங்க விமானத்துல எந்த இடத்துல இருக்கு, எந்தப் பக்கம் இழுத்தா வரும், கண்ணாடி போட்டிருந்தா எங்க சிக்கும், போட்ட பிறகு மைக் எந்த ஸ்விட்ச்ல மாறும்? இதைப் பழகறதுக்குச் சரியான இடம் உங்க சொந்த விமானம்தான். இதுல ஆபத்தும் இல்லை. ஹேங்கர்ல நிறுத்தி வெச்சுட்டு கண்ணை மூடிக்கிட்டு பத்து தடவை எடுத்துப் போடலாம். அப்புறம் மேலே போய் பயிற்றுநர் பக்கத்துல இருக்க ஒரு தடவை. சிமுலேட்டர் சென்டர்ல இருக்கிற காக்பிட் உங்க விமானத்தோட அச்சு நகல் இல்லைன்னா, கை அங்க கத்துக்கிட்டது வேற இடமாத்தான் இருக்கும். பத்து வருஷம் பழைய விமானத்துல ஓனர் புதுசா ஒரு ஸ்க்ரீன் மாட்டியிருப்பார், பழைய ஆட்டோபைலட் அப்படியே இருக்கும். அந்தக் கலவை உலகத்துல எந்த சிமுலேட்டர்லயும் கிடையாது.

இப்படி நிஜ விமானத்துக்குன்னே ஒரு பட்டியல் போகும். டர்பைன் ஸ்டார்ட் ஆகும்போது வெப்பநிலை முள் ஏறுறதைப் பார்த்துக்கிட்டே கையை எரிபொருள் லீவர் மேல வெச்சிருக்கறது. தப்பானா ஒரு சில நொடியில இன்ஜின் செலவு ஓனரோட வீட்டு விலையைத் தொடும். குறுக்குக் காத்துல இறங்குறது. நிஜ கன்ட்ரோலர் வேகமா பேசும்போது காதும் கையும் சேர்ந்து வேலை செய்யறது. மேலே பாதுகாப்பான உயரத்துல வேகத்தைக் குறைச்சு, பவரை நிதானமா ஏத்தி, அந்த இடதுபக்க உருட்டலைக் காலால உணர்றது. நான் ஹாஸ்டல்ல செத்தேனே, அதே விஷயம்.

நான் இவ்வளவு உறுதியாப் பேசறதுக்குக் காரணம் ஒரு விமானத்தோட வரலாறு. மிட்சுபிஷி எம்யூ-2. ஜப்பான்ல வடிவமைச்சது, 1963-ல முதல் பறப்பு. பிறகு அமெரிக்காவுல டெக்சாஸ் மாநிலத்துல அசெம்பிள் பண்ணி வித்தாங்க, மொத்தம் சுமார் 700 விமானம். வேகம் வேணும்னு இறக்கையைச் சின்னதாக்கிட்டாங்க. இறங்கும்போது அந்தச் சின்ன இறக்கைக்கு நிறைய ஃபிளாப் தேவை, அதனால பின்விளிம்பு முழுக்க ஃபிளாப். ஐலெரான் வைக்க இடமே இல்லை! அதுக்குப் பதிலா இறக்கை மேல ஸ்பாய்லர். சாதாரண விமானத்துல ஒரு இன்ஜின் போய் அந்தப் பக்க இறக்கை தாழ்ந்தா, ஸ்டியரிங்கைத் திருப்புவீங்க, ஐலெரான் அந்த இறக்கையைத் தூக்கும். எம்யூ-2-ல அதையே பண்ணா, நல்லா இருக்கிற பக்கத்துல ஸ்பாய்லர் எழும்பி, அந்த இறக்கையோட லிஃப்டையும் கெடுக்கும். மத்த விமானத்துல சரியான பழக்கம் இங்க ஆளைக் கொல்லும். ரடரையும் ட்ரிம்மையும் வெச்சுச் சமாளிக்கணும்னு தனியாப் பழகியிருக்கணும். எடை? 12,500 பவுண்டுக்குக் கீழ. அதனால டைப் ரேட்டிங் வேண்டாம்னு சட்டம் சொன்னது.

விபத்துகள் குவிஞ்சது. விமானத்தையே தடை பண்ணணும்னு குரல் எழுந்தது. அமெரிக்க விமானத்துறையான எஃப்ஏஏ வடிவமைப்பை ஒரு தடவைக்கு மேல ஆராய்ஞ்சது. விதிகளுக்கு உட்பட்டுத்தான் இருக்குன்னு வந்தது. 2005-ல் பண்ண ஆய்வு, பயிற்சியைத்தான் மாத்தணும்னு முடிவுக்கு வந்தது. 2008-ல் இந்த ஒரு மாடலுக்குன்னே தனி விதி போட்டாங்க. புதுசா ஓட்ட வர்றவருக்கு 20 மணி நேரம் தரைப் பாடம், 12 மணி நேரம் பறப்புப் பயிற்சி. வருஷா வருஷம் மறுபயிற்சி. எல்லாருக்கும் ஒரே செக்லிஸ்ட், ஒரே முறை. சொல்லிக்கொடுக்கிறவருக்கும் தகுதி: அந்த மாடல்லயே நூற்றுக்கணக்கான மணி நேர அனுபவம் இருக்கணும். விமானத்துல ஒரு ஆணியைக்கூட மாத்தலை. விபத்துகள் வெகுவாக் குறைஞ்சது. 2016-ல் அந்தத் தற்காலிக விதியை நிரந்தர விதிகளுக்குள்ளயே சேர்த்துட்டாங்க.

இதுல எனக்குப் பிடிச்சது, அந்த விதி 'சிமுலேட்டரா விமானமா'ன்னு சண்டை போடலை. எந்தப் பயிற்சி, எந்த முறையில, யார் சொல்லிக்கொடுக்கணும்னு எழுதியது. அப்படி ஒரு தாள் டிபிஎம்முக்கும் பிசி-12-க்கும் சட்டமா இருந்தா என்ன குறைஞ்சிடும்? செலவு ஆகும், சரி. பல மில்லியன் டாலர் கொடுத்து விமானம் வாங்கறவர்கிட்ட ரெண்டு வாரப் பயிற்சிக்குப் பணம் இல்லைன்னு சொன்னா நான் நம்பத் தயாரா இல்லை. 'இன்ஷூரன்ஸ்தான் கேக்குதே, சட்டம் எதுக்கு'ன்னு ஒரு வாதம் உண்டு. இன்ஷூரன்ஸ் கேக்கறது பணத்துக்காக. பிரீமியம் மார்க்கெட் இளகினா நிபந்தனையும் இளகும். கடன் இல்லாம வாங்கினவர் பாலிசியே எடுக்காம பறந்தா கேக்க ஆளும் இல்லை.

ஒரு இடத்துல மட்டும் எனக்கே பதில் சரியா அமையலை. டார்வின்லயும் ரென்மார்க்லயும் லீவரை இழுத்தது கத்துக்க வந்தவர் இல்லை, சோதிக்க வந்தவர். ஓனர் பைலட்டோட சொந்த விமானத்துல வந்து உட்கார்ற பயிற்றுநருக்கு, அந்த மாடலோட ஜீரோ த்ரஸ்ட் அளவு தெரியுமா, எப்போ கையை எடுக்கச் சொல்லணும்னு தெரியுமா, அவரை யார் கடைசியா சோதிச்சாங்கன்னு ஓனருக்குக் கேக்கத் தோணுமா? பணம் கொடுக்கிறது ஓனர், அடுத்த வருஷமும் கூப்பிடப் போறது அவர்தான், அவரை எப்படி ஃபெயில் பண்றது? எம்யூ-2-க்கு அதை விதியாலேயே அடைச்சாங்க. மத்த மாடல்களுக்கு அது இன்னும் அந்த ரெண்டு பேரோட மனசாட்சியைப் பொறுத்துத்தான் இருக்கு.

ரூம்மேட் கேக்கறான், இவ்வளவு எழுதிட்டியே, அந்த லேண்டிங்கை ஒழுங்காப் பண்ணியான்னு. பண்ணேன். பதினோராவது தடவை.